பெயருக்கு முன்னால் லேட்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இருந்த அம்மாள் மகளின் கல்யாணப் பத்திரிகை புரூஃபைத் தம்பியிடம் நீட்டினார்.

"அவுரு பேருக்கு முன்னால இருக்குற லேட்டை எடுக்கச் சொல்லுடா."

முழுக்கத் தமிழில் அடித்த பத்திரிகையிலும் இறந்தவருக்கு மட்டும் அந்த ஆங்கிலச் சொல்தான் வழக்கம்.

"அக்கா, மாமா கடலுக்குப் போயி எட்டு வருஷமாவுது. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க."

"உடம்பைப் பாத்தியா நீ?"

"கோர்ட்டு வரைக்கும் போயி இறப்பு சர்ட்டிபிகேட் வாங்குனது நீதான?"

ஏழு வருடம் தகவல் இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம். எனக்குத் தெரிந்த விதியெல்லாம் தம்பி பக்கம்தான்.

"அது கவர்மெண்டுக்குக் காட்டுறதுக்கு. இது அவுரு வந்தா படிக்கிறதுக்கு."

தம்பி புரூஃபை மடியில் விரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"சார், பேனா இருக்கா?"