அரை டாக்டரின் டப்பாவுக்கு ஒரு வாழ்த்துரை

இந்தக் குடியிருப்பின் தலைவரும், நம் எல்லோராலும் 'அரை டாக்டர்' என்று அன்போடு அழைக்கப்படுபவரும், என் அக்காவின் கணவருமான அத்தான் அவர்களே! முன்வரிசையில் முழங்காலைத் தடவியபடி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் கைப்பையில் மாத்திரையுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! நாற்காலிகூடக் கேட்காமல் நம்மோடு வந்து கலந்துகொண்ட கிருமிகளே! ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் வேலை பார்க்கும் இந்தத் தங்கையின் வணக்கம்!

தலைவரின் தன்னலமற்ற தொண்டை வாழ்த்திப் பேசச் சொன்னார்கள். மலர்ச்செண்டுக்குப் பக்கத்தில் பளபளக்கிறதே பிஸ்கட் டப்பா, அதுதான் அந்தத் தொண்டு. காய்ச்சல் விட்டதும் நீங்கள் விழுங்காமல் மிச்சம் பிடித்த ஆன்டிபயாடிக் மாத்திரைகள் எல்லாம் அதற்குள் அடைக்கலம். மஞ்சள் மாத்திரை தொண்டைக்கு, சிவப்பு மாத்திரை வயிற்றுக்கு, இரண்டும் சேர்ந்தால் இன்னதென்று தெரியாத நோய்க்கு. ஆகா, என்ன ஞானம்! என்ன தானம்!

யாரங்கே தும்மியது? அத்தான், டப்பாவைத் திறந்துவிடாதீர்கள்! அது சளி. சளியைத் தருவது பெரும்பாலும் வைரஸ். ஆன்டிபயாடிக் கொல்வது பாக்டீரியாவை. வைரஸிடம் அதை நீட்டினால் வைரஸ் சிரிக்கும். "அப்போ உடம்புல சும்மா இருக்கிற பாக்டீரியா?" என்கிறார் ஓர் அம்மா. அதற்கு மருந்தைத் தாங்க இலவசப் பயிற்சி, அம்மா!

சரியான மருந்து, சரியான அளவு என்றால் கிருமி கூண்டோடு காலி. அரையும் குறையுமாய்க் கொடுத்தால்? நோஞ்சான் சாகும், முரடன் தப்புவான், தப்பியவன் குடும்பம் குடும்பமாய்ப் பெருகுவான். பிறகு அந்த மருந்தை அவன் சட்டையே செய்யமாட்டான். மருந்தெதிர்ப்பு என்று அதற்குப் பெயர். அவனை வளர்த்தது யார்? ஊட்டி ஊட்டி வளர்த்தது யார்? நாமல்லவா! நம் டப்பா அல்லவா!

சிரித்தது போதும். என் அக்காவுக்கு அடிக்கடி நீர்க்கடுப்பு வரும். ஒவ்வொரு முறையும் டப்பா திறக்கும். "ரெண்டு போடு, சரியாயிடும். இதுக்கெல்லாம் எதுக்கு டாக்டர்?" என்பார் அத்தான். எரிச்சல் குறையும், மாத்திரை நிற்கும். போன வாரம் குளிரில் அவள் உடம்பு தூக்கிப் போட்டது. தொற்று சிறுநீரகத்துக்கு ஏறி இரத்தத்திலும் கலந்திருந்தது.

பரிசோதனைக்கு எடுத்த அவளுடைய சிறுநீர் என் மேசைக்கே வந்தது. கிருமியைத் தட்டில் பரப்பி, மருந்து தோய்த்த காகித வில்லைகளை மேலே வைப்போம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் தெளிவான வட்டம் விழும். தட்டைத் திறந்தேன். மஞ்சள் மாத்திரையின் மருந்துக்கு வட்டமில்லை! சிவப்புக்கு வட்டமில்லை! வில்லையின் விளிம்பு வரை கிருமி வசதியாய்க் குடியிருந்தது. ஓரத்தில் ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் வட்டம். அந்த மருந்துதான் இப்போது அவளுக்கு ஊசியில் ஏறுகிறது.

இன்று காலை ஆஸ்பத்திரியில் அவளுக்குக் காய்ச்சல் இறங்கியது. கை தட்டாதீர்கள், இருங்கள்! தலைவர் என்னை ஓரமாக அழைத்தார். "ஏம்மா, காய்ச்சல்தான் விட்டுடுச்சே. மிச்ச ஊசிய வாங்கி வச்சுக்கலாமா? யாருக்காவது ஆகும்ல?"

கட்டிலிலிருந்து அக்கா சொன்னாள்: "வச்சுக்குங்க. அடுத்த தடவை நான் இருக்கமாட்டேன். வேற யாருக்காவது ஆகும்."

அத்தான், உங்களுக்கு நல்ல மனசு, யார் இல்லையென்றது? அந்த நல்ல மனசைத்தான் கிருமி தின்று கொழுத்தது. எழுந்து வாருங்கள். அந்த டப்பாவை என்னிடம் கொடுங்கள், ஆஸ்பத்திரியில் முறைப்படி அழிக்கிறோம். வருகிறார்... கொடுத்துவிட்டார்! கண்ணைத் துடைக்கிறார், அவரைக் கொஞ்சம் விடுங்கள்.

உங்கள் வீட்டு அலமாரிகளையும் துழாவுங்கள், தாய்மார்களே! டாக்டர் எழுதாமல் வாங்காதீர்கள், எழுதியதைப் பாதியில் விடாதீர்கள், அடுத்தவருக்கு நீட்டாதீர்கள். தட்டில் மிச்சம் ஒரு வட்டம்தான். அதற்குள்தான் என் அக்கா படுத்திருக்கிறாள்.

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், பொறுத்துக்கொண்ட தலைவருக்கும் நன்றி. அடுத்த ஊசிக்கு நேரமாகிறது, நான் அவள் பக்கத்தில் இருக்க வேண்டும். வருகிறேன், வணக்கம்!