வெளியே போய்த்தான் ஆகணும்

செம்மண் மைதானத்தில் கறுப்புச் சட்டையோடு தொண்ணூறு நிமிடம் ஓடினால், முடியும்போது அது என்ன நிறமென்று சொல்ல முடியாது. என் சட்டையை வீட்டில் யாரிடமும் துவைக்கக் கொடுத்ததில்லை. அன்றைக்குச் சாயங்காலமும் நானேதான் துவைத்தேன். விசாரிக்க வந்த நீங்கள் அதை ஏதோ தடயத்தை அழித்த மாதிரி கேட்கிறீர்கள். இருபத்தாறு வருஷமாக ஒவ்வொரு மேட்சுக்குப் பிறகும் அப்படித்தான்.

பெயர் லட்சுமிநாராயணன். பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு கம்பெனியில் செக்கிங் பிரிவு. குறையுள்ள சாமானை ஒதுக்கி வைப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் லீக்கில் கால்பந்து நடுவர். விதிப் புத்தகம் ஆங்கிலத்தில் தடியாக இருக்கும், நம் பையன்கள் பிரித்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு சீசனுக்கும் முன்னால் நானே தமிழில் ஒரே பக்கத்தில் டைப் அடித்து, கணபதியில் ஜெராக்ஸ் போட்டு, எல்லா டீமுக்கும் கொடுப்பேன். மைதானத்தில் தகராறு வந்தால் கோச்சுகள் அந்தத் தாளைத்தான் பாக்கெட்டிலிருந்து எடுப்பார்கள்.

ரவிதேஜா மேல் எனக்குக் கோபம் என்று லைன் நடுவர் ரிஃபானா எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். கோபமெல்லாம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பீளமேட்டில் ஃபைனல். ரவிதேஜா கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உருண்டான். கால் போய்விட்டது என்றே நினைத்தேன். எதிராளிக்குச் சிவப்பு அட்டை காட்டினேன். அந்த டீம் பத்துப் பேரோடு ஆடித் தோற்றது. ராத்திரிக்குள் எல்லோர் போனிலும் வீடியோ வந்துவிட்டது. அவனை யாரும் தொடவே இல்லை. அதன் கடைசியில் அவன் கோப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பேசுகிறான்: “சார் ரொம்ப நல்லவருங்கோ. நாம உழுந்தா போதும், கார்டு தானா வந்துரும்.”

கம்பெனி கேன்டீனில் நான் தட்டோடு போனால் எவனாவது ஒருத்தன் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு சாய்வான். என் மகள் ஷ்ரவ்யாவைப் பெண் பார்க்க வந்தவர்கள், காபி டம்ளரைக் கீழே வைக்கும் முன்பே, “ஏனுங்க, அந்த வீடியோ சார் நீங்கதானுங்களா?” என்று கேட்டுச் சிரித்தார்கள். அந்தச் சம்பந்தம் அமையவில்லை. ரவிதேஜா ஒருநாள்கூட வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. பார்க்கிற இடத்திலெல்லாம் வணக்கம் மட்டும் வைப்பான், பல்லைக் காட்டிக்கொண்டு. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான்.

போன சீசன் அரையிறுதிக்கு நான்தான் நடுவர். பெங்களூர் கிளப் ஒன்றிலிருந்து ஆள் தேட வந்தவர் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வந்தது ரவிதேஜாவுக்காக. மாலை ரயிலுக்குத் திரும்பிவிடுவார். அவனுக்கு இருபத்துமூன்று வயது. இன்னொரு தடவை யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. அது மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

முப்பத்தோராவது நிமிடம் ஒருத்தன் பின்னாலிருந்து வந்து அவன் காலில் உதைத்தான். மஞ்சள் அட்டைக்குரிய தப்பு, சந்தேகமே இல்லை. நான் அட்டை காட்டினால், அடிபட்டவனுக்கு உள்ளேயே சட்டென்று மருந்து போட்டு ஆட விட்டுவிடலாம். காட்டாவிட்டால், மருந்து போட்டுக்கொண்டவன் வெளியே போக வேண்டும். ஆட்டம் தொடங்கிய பிறகு நடுவர் கை காட்டினால்தான் திரும்ப வரலாம். நான் அட்டையைப் பாக்கெட்டிலேயே விட்டுவிட்டேன். அவன் கோட்டோரம் நின்று கையைத் தூக்கிக்கொண்டே இருந்தான். ஏழு நிமிடம் அந்தப் பக்கம் நான் திரும்பவில்லை. அவன் டீம் கோச் சுந்தரராஜுலு என் தாளை எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டார்.

எழுபதாவது நிமிடம் அவன் தலையால் முட்ட எகிறினான். கீப்பரும் எகிறினான். கீப்பரின் முழங்கால் இவன் வயிற்றில் இறங்கியது. நான் கிட்டே போய்க் குனிந்தேன்.

“ஏங்கண்ணு, மருந்து போட ஆளக் கூப்புடட்டுமா?”

“கூப்புட்டா மறுக்கா வெளிய போகோணுமுங்களா சார்?”

“போய்த்தான் ஆகணும்.”

அவன் நாற்காலிப் பக்கம் பார்த்தான். “ஒண்ணுமில்லீங்க சார். ஆடறனுங்க.”

கீப்பரோடு மோதி விழுந்தவன் வெளியே போக வேண்டியதில்லை. பெரிய அடி என்றாலும் போக வேண்டியதில்லை. புத்தகத்தில் அது அச்சாக இருக்கிறது. ரிஃபானாவுக்குத் தெரிந்திருக்கிறது. அவன் எழுந்து நடந்த பிறகு கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு உள்ளே வந்து, “சார், அது கீப்பர் மோதலுங்க” என்றாள். “லைனுக்குப் போ அம்மணி” என்றேன். அவள் சொன்னது சரி, அதை நான் மறுக்கவில்லை.

அவனுக்கு வலித்தது எனக்குத் தெரியுமா என்று கேட்கிறீர்கள். இருபத்தாறு வருஷமாக விழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடிக்கிறவன் கத்துவான். இவன் கத்தவில்லை. உதடு வெளுத்துப்போய், மூச்சை அரை அரையாக விட்டுக்கொண்டு, சிரிக்கப் பார்த்தான். தெரியும்.

மீதி இருபது நிமிடமும் அவன் ஓடினான். வீணான நேரத்துக்கு நான் ஆறு நிமிடம் கூட்டினேன். அதுவும் விதிதான். கடைசி விசில் ஊதியதும் கோல் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. வயிற்றுக்குள் மண்ணீரல் கிழிந்து ரத்தம் கட்டியிருந்ததாம். அரைமணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். பெங்களூர்க்காரர் அதற்குள் ரயிலுக்குப் போய்விட்டார்.

அவன் அம்மா ராமாமணி ஆஸ்பத்திரி வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்பையன் கடசியா என்னங்க சொன்னான்?” என்று கேட்டார். “ஒண்ணுமில்லைன்னு சொன்னானுங்க” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவன் விழுந்து புரண்டபோது நம்பினேன், ஊரே என்னைப் பார்த்துச் சிரித்தது. ஒன்றுமில்லை என்றபோதும் நம்பினேன். ஆட்டக்காரன் வார்த்தையை நம்பினது குற்றமா?

அந்தத் தாளைப் பற்றிக் கேட்டீர்கள். சரி, ரிஃபானா பழைய வருஷத் தாளையும் போன சீசன் தாளையும் கொண்டுவந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டாள், இனிமேல் மறைத்து என்ன. யார் வெளியே போக வேண்டும், யார் போக வேண்டியதில்லை என்று எல்லா வருஷமும் முழுதாகத்தான் அடிப்பேன். போன சீசனுக்கு மட்டும், போக வேண்டியதில்லை என்கிற மூன்று வரிகளை எடுத்துவிட்டேன். அட்டை காட்டின தப்பு, கீப்பர் மோதல், பெரிய அடி. மேட்சுக்கு நான்கு மாதம் முன்னால், வீட்டில் உட்கார்ந்து, நிதானமாக. ஒருத்தரும் கவனிக்கவில்லை.

இந்த வருஷத் தாள் போன வாரமே ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தாயிற்று. அந்த மூன்று வரிகளையும் திரும்பச் சேர்த்துவிட்டேன். மற்ற பையன்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.