பானையிலிருந்து பிடித்த தண்ணீர்

தண்ணீர்ப் பந்தல் வைக்க வேப்ப மரத்தைவிட வன்னி மரம் நல்லது. காற்று தடையில்லாமல் வரும்; பானை கசிந்து கசிந்து சீக்கிரம் குளிரும். எங்கள் ஊர் தோலியாசரின் பேருந்து நிறுத்தத்தில் என் தந்தையின் நினைவாக நான் வைத்த பந்தல் அப்படியொரு மரத்தடியில் இருக்கிறது. பக்கத்துக் கிணற்றிலிருந்து பானைகளை நிரப்பிவிட்டு வேலைக்குப் போவேன். மாவட்ட நிலத்தடி நீர் அலுவலகத்தில் மாதிரி சேகரிப்பவன் நான். ஊரில் எல்லோருக்கும் நான் காகாசா, சித்தப்பா முறை. நான் கெட்ட எண்ணம் உள்ளவன் அல்ல, ஐயா. இதை நீங்கள் முதலில் எழுதிக்கொண்டால் நல்லது.

ஊருக்கு மேற்கே உள்ள சாய ஆலை கழிவுநீரைக் குளத்தில் தேக்கி வெயிலில் வற்றவிடுகிறது. குளம் கசிந்து கிணறு கெட்டுவிட்டதாகப் பெண்கள் சொன்னார்கள். இந்த மண்ணிலேயே உப்பு உண்டு என்றது ஆலை. ஜோத்பூரிலிருந்து உர்மிளா ராணாவத் என்ற ஆய்வாளர் அனுப்பப்பட்டார். கிணற்று நீரைப் புட்டியில் பிடித்துக் கொடுத்தவன் நான். முடிவைச் சொல்ல அவர் ஊரைக் கூட்டினார்.

"தண்ணியோட அணுவுலயே கனமானதும் லேசானதும் உண்டு; குண்டு, ஒல்லின்னு வெச்சுக்குங்க. எந்தத் தண்ணியிலயும் ரெண்டும் கலந்துதான் இருக்கும். ஒல்லித் தண்ணி சுலபமா ஆவியாகும். குண்டுத் தண்ணி எழுந்திருக்கச் சோம்பல்படும். அதனால வெயில்ல காயுற குளத்துல குண்டு சேர்ந்துக்கிட்டே போகும்."

"அப்போ எங்க மச்சான் குண்டுத் தண்ணி," என்றார் எங்கள் ஊர் குமான்சிங். "சாப்பிட்ட இடத்துலேருந்து எழுந்திருக்கவே மாட்டான்."

சிரிப்பு அடங்கும்வரை உர்மிளா காத்திருந்தார். "மழைத் தண்ணி ஊறுற கிணத்துல இவ்வளவு குண்டு இருக்காது. உங்க கிணத்துல இருக்கு. குளம் அதுக்குள்ள வந்துக்கிட்டிருக்கு."

ஆலையை மூடினால் பாதி ஊரில் அடுப்பு எரியாது. என் மருமகனும் அங்கேதான் துணி உலர்த்துகிறார். நான் எழுந்தேன்.

"மகளே, தப்பு என்மேல. அந்தப் புட்டியை நான் கிணத்துல பிடிக்கல. கால் வலின்னு பந்தல் பானையிலேருந்து பிடிச்சிட்டேன். பானை வேர்க்கும்ல, ஒல்லி போயி குண்டு மிஞ்சியிருக்கும்."

"காகாசாவுக்குக் கால் வலின்னா கிணறே கெட்டுப்போயிடுது, பாருங்க," என்றார் குமான்சிங். ஊரே நிம்மதியாகச் சிரித்தது.

உர்மிளா கோபப்படவில்லை. "போகட்டும் காகாசா. இன்னொண்ணு பிடிச்சு அனுப்புங்க. இந்தத் தடவை கிணத்துலேருந்து." அவர் நல்ல பெண். என் காலுக்கு ஒரு தைலமும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டாவது புட்டியில் குண்டு இல்லை. குளம் கசியவில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

முதல் புட்டியை நான் கிணற்றில்தான் பிடித்தேன். நீருக்குள் அமிழ்த்தி, குமிழி இல்லாமல் மூடினேன். இரண்டாவதைத்தான் கிணற்றில் பிடிக்கவில்லை. என் வீட்டு முற்றத்துக்கு அடியில் மழைநீர்த் தொட்டி இருக்கிறது. ஆலையிலிருந்து யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானாகச் செய்தேன். ஒரு ஊர் பசியில் கலைந்து போவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

பந்தலை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார்கள். தாகத்தோடு வருபவரைத் திருப்பி அனுப்பவும் கூடாது அல்லவா? எங்கள் ஊர் சுக்னியின் மகன் தேவு பள்ளிக்குப் போகும்போது தினமும் வருவான். வெறும் தண்ணீர் கொடுக்க வேண்டாமென்று வெல்லத் துண்டு ஒன்றும் வைப்பேன். "இன்னும் ஊத்துங்க காகாசா," என்பான். ஊற்றுவேன். பிறகு அவன் முகம் வீங்கியது. சிறுநீரகம் என்றார்கள். மருத்துவமனைக்கு நானும் போனேன். கடைசி வரைக்கும் அவன் கால்களைப் பிடித்துவிட்டேன்.

துக்கம் முடிந்ததும் சுக்னி பந்தலுக்கு வந்தாள். என் கையிலிருந்த செம்பை வாங்கிக்கொண்டாள்.

"எப்பவும் நீங்களே ஊத்துறீங்க. உங்களுக்கு யார் ஊத்துறா? உட்காருங்க. என் பையன் பேரைச் சொல்லி இன்னைக்கு நான் ஊத்தறேன். முதல்ல உங்களுக்கு."

பேருந்துக்கு நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து கைகளைக் குவித்தேன். அவள் மெல்ல, சிந்தாமல் ஊற்றினாள். உதட்டருகே கொண்டுபோய், விரல்களைச் சற்று விரித்துவிட்டேன். எல்லாம் மணலில் போயிற்று. அவள் மறுபடியும் ஊற்றினாள். மறுபடியும் போயிற்று.

"ஏன் காகாசா," என்று தாழ்ந்த குரலில் கேட்டாள், "குடிக்க மாட்டீங்களா?"

எழுந்து, அங்கிருந்து நேராகக் காவல் நிலையத்துக்கு உங்களிடம் வந்தேன். நீங்களும் அதையேதான் கேட்கிறீர்கள். இல்லை, ஐயா, குடித்ததில்லை. முதல் புட்டியின் முடிவு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோரும் தொட்டித் தண்ணீர்தான். அதை ஊருக்கெல்லாம் கொடுக்க முடியாது, அவ்வளவு இல்லை. இருந்திருந்தால் நிச்சயம் கொடுத்திருப்பேன்.