ஐந்து மணிக் கெடு

நேரம் தவறாமல் இருப்பதில் நான் கொஞ்சம் கறார், சார். அக்கா கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் தாமதமாக வந்தார்கள் என்று நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனாம். அத்தான் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வார். தங்கமான மனிதர். அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வராது.

அத்தானுக்குப் பெயின்ட் தொழிற்சாலை, நான் அவருடைய ஆடிட்டர். வாங்காத சரக்கை வாங்கியதாகக் காட்டி வரியைக் குறைத்தோம். விற்றதாகச் சொன்ன கம்பெனிகள் எல்லாம் என் மேஜையில் பிறந்தவை. நான் காட்டிய இடத்தில் அத்தான் கையெழுத்துப் போட்டார். என்ன ஏது என்று அவருக்குப் புரியவே சில வருஷங்கள் ஆயின.

வரியை ஏமாற்றியவனைப் பிடிக்க அரசாங்கத்துக்கும் ஒரு கெடு உண்டு. அதற்குள் நோட்டீஸ் போட்டாக வேண்டும். தவறவிட்டால் அந்த வருஷத்துக் கணக்கை அப்புறம் யாரும் தோண்ட முடியாது. எங்கள் விஷயத்தில் வரி அதிகாரிக்குச் சந்தேகம் இருந்தது, ஆதாரம் இல்லை. கெடு நெருங்க நெருங்க ஆள் ஆலாய்ப் பறந்துகொண்டிருந்தார். யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அன்றைக்கே நோட்டீஸ் போட்டுவிடுவார். நான் வாயைத் திறக்காமல் இருந்தேன். என் தொழிலில் பாதி அதுதான்.

கடைசி நாள் மத்தியானம் அத்தான் என் அலுவலகத்துக்கு வந்தார். ஊழியர்கள் எல்லோரும் வெளிவேலையாகப் போயிருந்தார்கள். போன மாதம்தான் அவர் நெஞ்சுவலியில் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்திருந்தார். படியேறி வந்ததில் சட்டை நனைந்துபோயிருந்தது. அக்கா கூப்பிட்டுத் தடுப்பாள் என்று போனைக்கூட வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தாராம்.

"எல்லாத்தையும் போய்ச் சொல்லிடப் போறேன்டா. உன்கிட்ட சொல்லாம போனா நல்லா இருக்காதுன்னுதான் முதல்ல இங்க வந்தேன்," என்றார்.

அப்படிப்பட்டவர். நான் காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். நாளைக்குச் சொல்லுங்கள், மனசும் லேசாகும், யாருக்கும் சேதமில்லை என்றேன். இன்றைக்குச் சொன்னால் நான் ஜெயிலுக்குப் போவேன், அக்கா தெருவுக்கு வருவாள் என்றும் சொன்னேன்.

"நாளைக்குச் சொன்னா அது வெறும் கதைடா," என்று சிரித்தார்.

சிரித்துக்கொண்டே எழுந்தவர், நாற்காலிக் கையைப் பிடித்தபடி மறுபடி உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்துவிட்டது. மார்பைத் தொட்டுக் காட்டினார்.

போனை எடுத்தேன். எண்ணை அழுத்தாமல் காதில் வைத்துக்கொண்டு, ஆம்புலன்ஸ் வரவேண்டிய விலாசத்தை நிதானமாகச் சொன்னேன். எந்த மாடி என்றுகூடச் சொன்னேன். பிறகு போனை மேஜை இழுப்பறையில் போட்டு மூடினேன். கையிலேயே வைத்திருந்தால் மறுபடி கூப்பிடச் சொல்வார் இல்லையா.

வரி அலுவலகம் ஐந்து மணிக்கு மூடும். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். சட்டைப் பொத்தானைத் தளர்த்திவிட்டேன், தண்ணீர் கொடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டேன். வந்துகொண்டே இருக்கிறது அத்தான், டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டதாம் என்று அவ்வப்போது சொன்னேன். அவர் நம்பினார். ஒருமுறை கண்ணைத் திறந்து, உனக்குத்தான் வீண் சிரமம் என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுவர்க் கடிகாரமோ நகர்வேனா என்றது. அவர் கை சில்லிட்டுக்கொண்டே வந்ததை என் கையில் உணர்ந்தேன். இன்னும் கொஞ்ச நேரம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். அது ஒன்றுதான் அன்றைக்கு அவரிடம் சொன்ன உண்மை.

ஐந்து ஆனதும் இழுப்பறையைத் திறந்து ஆம்புலன்ஸை நிஜமாகவே கூப்பிட்டேன். சொன்னபடி சீக்கிரமே வந்தார்கள், நல்ல பிள்ளைகள். அத்தான் அதற்குக் கொஞ்சம் முன்னால் போய்விட்டார்.

அவர்கள் வருவதற்குள் போனில் ஒரு செய்தியைப் பார்த்தேன். வரி அலுவலகத்தில் மின்கசிவு, தீ, எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிக் கதவைப் பூட்டிவிட்டார்கள் என்று ஆடிட்டர்கள் குழுவில் யாரோ போட்டிருந்தார். நான் போனை உள்ளே வைத்த சற்று நேரத்திலேயே வந்திருக்கிறது. கடைசி நாளில் அலுவலகம் இயங்காவிட்டால் கெடு அடுத்த வேலை நாளுக்குத் தள்ளிப்போகும். அந்த விதியைக் காட்டி எத்தனையோ கட்சிக்காரர்களுக்கு நானே அவகாசம் வாங்கித் தந்திருக்கிறேன். செய்தியை அப்போதே பார்த்திருந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருப்பேன், சார். காரணமே இல்லாமல் ஒரு மனிதரைச் சாகவிடுகிற ஆளா நான்?

மறுநாள் காலை, அத்தானை எடுப்பதற்கு முன்பே அக்கா வெளியே கிளம்பிவிட்டாள். அவர் எல்லாவற்றையும் அவளிடம் முன்பே சொல்லியிருந்தார், அது எனக்குத் தெரியாது. தீப்பிடித்த வரி அலுவலகத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த அதிகாரியிடம் அவர் சொல்ல நினைத்ததை இவள் சொல்லிவிட்டாள். திரும்பி வந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"ஆம்புலன்ஸை எப்பக் கூப்பிட்டே?"

"அஞ்சு மணிக்கு."

"அவருக்கு எப்ப வலி வந்துச்சு?"

அக்காவிடம் நான் பொய் சொன்னதே கிடையாது. மூன்று மணி வாக்கில் என்றேன். அவள் உள்ளே போய் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள்.

ஆமாம், அவரை நான்தான் சாகவிட்டேன். கொன்றேன் என்று எழுதுவதானாலும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அக்கா அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. வீட்டுக்காரர் போன துக்கம், வேறென்ன. கொஞ்ச நாள் போனால் அவளுக்குச் சரியாகிவிடும்.