துரை வெளிச்சம்

எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜன்ட் வீரசிங்கம்: என் மொரிஸ் மைனர் காரும் நானும் ஒரே வருஷத்தில் பிறந்தவர்கள். அறுபத்தொன்பது வயது. இரண்டு பேருக்கும் பின்னேரமானால் பார்வை மங்கல். அங்கிருந்து தொடங்கினால்தான் விஷயம் ஒழுங்காக வரும்.

என் பெயர் இரகுநாதன். பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் முப்பத்தாறு வருஷம் கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவன். எதையும் கொஞ்சம் கூட்டிச் சொல்லும் பழக்கம் எனக்குண்டு. கூட்டுகிற இடத்தில் நானே நிறுத்திவிடுகிறேன், நீங்கள் வெட்டிவிடுங்கள்.

காரின் பழைய விளக்குகள் பனிக்குள் மெழுகுதிரி மாதிரி. போன வருஷம் ஒரு கொழுந்து லொறியில் மோதப் பார்த்து மயிரிழையில் தப்பினேன். லொறி என்று எழுத வேண்டாம், அது ஒரு மாடு. என் மனைவி லீலாதேவி அன்றைக்கே சொல்லிவிட்டாள்: "ஒண்டில் நல்ல லைற் பூட்டுங்கோ, இல்லாட்டி இந்தத் தகரத்தை வித்துப்போடுங்கோ."

பண்டாரவளையில் மெக்கானிக் பர்ஹானிடம் கொண்டுபோனேன். புது எல்.ஈ.டி. பனி விளக்கு இரண்டு. "சேர், இந்தக் காருல எல்லாம் தலகீழ். பொசிட்டிவ்தான் காரு பொடியில இருக்கு. அப்படியே குடுத்தா எரியாது" என்று, காரின் தகர உடம்பில் தொடாமல் ரப்பர் வைத்து, தனி வயர் இழுத்துப் பூட்டினான். அவன் வேலையில் ஒரு குறையும் இல்லை. அதைக் கட்டாயம் எழுதுங்கள்.

பம்பருக்குக் கீழே, நிலத்தைப் பார்த்துச் சரித்துப் பூட்டத்தான் அவன் போனான். மேலே, நேராக வை என்றது நான்.

"மேல வச்சா பனி வெளிச்சத்தத் திருப்பி ஒங்க கண்ணுலயே அடிக்கும் சேர். எதிர்ல வாறவனுக்கும் ஒண்ணும் தெரியாது."

"கார் வாறது தெரியவேணும் தம்பி."

"ஒங்க காரு. ஆள் வந்தா இத ஓஃப் பண்ணிருங்க" என்று ஒரு சுவிட்சை என் வலது கைப் பக்கம் வைத்துத் தந்தான். அது நன்றாக வேலை செய்தது. இன்றைக்கும் செய்கிறது.

அந்த வெளிச்சத்துக்கு அம்பாந்தோட்டைக் கடலில் போகிற கப்பல் திசைமாறும். அதையும் வெட்டுங்கள்.

தோட்டத்து ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. தோட்ட மனேஜர் துரையின் ஜீப் வந்தால் பழைய ஆட்கள் ஓரத்துத் தண்ணீர்க் கானில் இறங்கி நிற்பார்கள். இளசுகள் இப்போது நிற்பதில்லை, போனைப் பார்த்தபடி நடக்கும். பழையவர்களுக்குக் கால் தானாக விலகும். முப்பத்தாறு வருஷம் அந்த ஜீப்பின் பின்சீற்றில் பைல்களை மடியில் வைத்துக்கொண்டு அந்த விலகலைப் பார்த்தவன் நான். என் மொரிஸுக்கு ஒருவரும் விலகியதில்லை. "கிளாக்கரையா, பாத்துப் போங்க, தள்ளணும்னா கூப்புடுங்க" என்று சிரிப்பார்கள்.

பனிக்குள் வெள்ளை வெளிச்சம் என்றால் எங்கள் பக்கத்தில் துரையின் ஜீப் ஒன்றுதான். புது விளக்கோடு முதல் நாள் போனபோது, கொழுந்தை எடைபோட்டுவிட்டு வந்த நூறு பெண்கள் கானில் இறங்கினார்கள். இல்லை, ஏழு பேர். ஒரு கிழவர் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

பக்கத்தில் இருந்த லீலாதேவி, "இஞ்சேருங்கோ, முன்னால வெள்ளைச் சுவர் மாதிரிக் கிடக்கு, ஒண்டும் தெரியேல்லை. இதைப் பூட்டி என்ன பிரயோசனம்?" என்றாள். உண்மைதான், எனக்கும் ரோடு தெரியவில்லை. தெரிய வேண்டிய தேவையும் இருக்கவில்லை. ரோட்டில் நின்றவர்கள் விலகினார்கள்.

அதன்பிறகு பனி இறங்கும்போதெல்லாம் எனக்குக் கடையில் ஏதாவது வாங்க வேண்டிவந்தது. ஒரு நெருப்புப்பெட்டிக்காகப் பெரகல சந்தி வரை போயிருக்கிறேன். இது கூட்டிச் சொன்னதல்ல. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவுதான்.

போன மாதம் பத்தாம் திகதி, பின்னேரம் நாலரை மணி. ஏழாம் நம்பர் மலைத் திருப்பம். எதிரே ஒரு புல்லுக்கட்டு நடந்து வந்தது. அதன் கீழே சின்னராசா. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் முப்பது வருஷம் நான் பெயர் கூப்பிட்ட ஆள். என் கை சுவிட்சில்தான் இருந்தது. அணைத்தால் கிளாக்கரின் மொரிஸ் என்று தெரிந்துவிடும். அணைக்கவில்லை.

அவர் விலகினார். அந்தத் திருப்பத்தில் கான் இல்லை. போன மாரி மழையில் மண் உடைந்து, ஓரம் நேரே பள்ளம். அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனால் வெளிச்சம் கண்ணில் அடித்தால், தெரிந்த இடமும் தெரியாத இடந்தான்.

புல்லுக்கட்டு மட்டும் ரோட்டில் கிடந்தது. காரை நிறுத்தினேன். கீழே தேயிலைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஒண்ணுமில்லீங்க தொர. காலு சறுக்கிருச்சு. நீங்க போங்க."

நான் வாயைத் திறந்தால் குரலை அடையாளம் கண்டுவிடுவார். அதனால் பேசவில்லை. அவர் போகச் சொன்னார், போனேன். புல்லுக்கட்டின் மேல் ஏற்றவில்லை, சுற்றித்தான் போனேன்.

மறுநாள் காலைதான் அவரைக் கண்டெடுத்தார்கள். பதுளை ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். "தொர வண்டிக்கு ஒதுங்கினேன்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். நீங்கள் ஜீப் டிரைவர் மொஹிதீனைப் பிடித்தீர்கள்.

சாவு வீட்டில் ஆட்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள், கதை கேட்கத்தான். மொஹிதீன் அந்தத் திருப்பத்தை அறுபது கிலோமீற்றர் வேகத்தில் வளைப்பான் என்றேன். அந்த வேகத்துக்கு ரோட்டோரம் நின்ற கோழி பயத்தில் நின்றபடியே முட்டையிட்டது என்றேன். துக்க வீட்டிலும் சிரித்தார்கள். அந்த அறுபது உங்கள் பைலில் இருக்கிறது. கோழியை மட்டும் விட்டுவிட்டீர்கள். மொஹிதீன் ரிமாண்டுக்குப் போய் இன்றைக்கு இருபத்தொரு நாள்.

நேற்று சின்னராசாவின் மனைவி கருப்பம்மா என் வீட்டுக்கு வந்தார்.

"கிளாக்கரையா, ஒரு பெட்டிசன் எழுதித் தாங்க. அந்த டைவர் தம்பிய விட்டுரச் சொல்லி."

"ஏன் கருப்பம்மா?"

"வண்டி இடிக்கலங்க, தட்டல. இவரா எறங்குனாரு. ரோட்டுல பாதி நமக்குந்தான்யா, ஏன் ஓடி ஓடி எறங்குறேன்னு எத்தன வாட்டி சொல்லியிருப்பேன். கேட்டாத்தானே மனுசன்." பிறகு சொன்னார்: "வண்டி நின்னுச்சாம். ஆஸ்பத்திரில அதத்தான் சொல்லிச் சொல்லிப் பெருமப்பட்டாரு. தொர நமக்காக நின்னாரு புள்ளன்னு."

எழுதிக் கொடுத்தேன். 'இறந்தவர் தாமாகவே விலகிக் கால் தவறினார்.' ஓர் எழுத்துப் பொய்யில்லை. என் வாழ்க்கையில் நான் எதையும் கூட்டாமல் எழுதியது அது ஒன்றுதான். இரவு முழுக்க அதை நினைத்துத்தான் கூனிக் குறுகிக் கிடந்தேன். விடிந்ததும் இங்கே வந்தேன். ஆகவே எழுதுங்கள்: மொஹிதீன் இல்லை. நான்.

கார் வெளியே நிற்கிறது. விளக்குகளைக் கழற்றவில்லை, சான்றுப் பொருளில் கைவைக்கக் கூடாது அல்லவா. காலையில் வரும்போது கடும் பனி, அதனால் அவற்றைப் போட்டுக்கொண்டுதான் வந்தேன். பாதுகாப்புக்காக. ஏழாம் நம்பர் திருப்பத்தில் நாலு பேர் மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். கருப்பம்மா மட்டும் விலகவில்லை. கையில் என் பெட்டிசனோடு, தன் பாதி ரோட்டில் நடந்து வந்தார்.

நான் ஹோர்ன் அடித்தேன். ஒரு தடவைதான், அதுவும் மெதுவாக.