தமயந்திக்குக் கேட்டது

— அப்படி இல்ல தமயந்தி, இன்னும் ஸ்வல்ப உள்ள தள்ளு. ரப்பர் போய் காதை அடைக்கணும். அப்பதான் பேஸ் வரும்.

— அய்யே, காதுக்குள்ள பூச்சி பூந்த மாதிரி இருக்குங்க. இதையா ரெண்டு மணி நேரம் பஸ்ல மாட்டிக்கிட்டுப் போறீங்க?

— ரப்பர் உனக்குப் பெருசு. கவர்ல சின்னதா ஒரு ஜோடி இருக்கு பாரு, அதை மாத்திக்கோ. கேளு, ஜன்னல் பக்கமா வந்து உக்காரு. வெளிச்சத்துல.

— பாட்டு கேக்கறதுக்கு வெளிச்சம் எதுக்கு?

— சும்மா உக்காரேன். என்னைப் பார்த்து உக்காரு.

— உக்காந்துட்டேன். ஆனா ஒண்ணு சொல்லிடறேன். உங்கப்பா செத்த அன்னிக்கே இந்தக் கருமத்தை இனிமே கையால தொட மாட்டேன்னு சொன்னவ நான். பதினோரு மாசம் ஆச்சு. இன்னிக்கு நீங்க அவ்ளோ கெஞ்சினீங்களேன்னுதான்.

— தெரியும். ஒரு அரை மணி நேரம். தாரணி டியூஷன்லேருந்து வர்றதுக்குள்ள முடிச்சுடலாம். கம்பெனி பஸ்ல பன்னெண்டு பேர் சேர்ந்து வாங்கறாங்க. கடைக்காரர் சாம்பிளுக்கு நாலு இயர்போன் குடுத்திருக்கார். எது நல்லதுன்னு நாளைக்குக் காலையில நான் சொல்லணும்.

— பன்னெண்டு பேருக்கும் சொந்தமா காது இல்லியா?

— என் காதைத்தான் நம்பறாங்க. மோட்டார் ஓடற சத்தத்தை வெச்சே எந்த பேரிங் போச்சுன்னு சொல்றவன்னு டெஸ்டிங் செக்‌ஷன்ல பேரு.

— அப்போ நீங்களே கேட்டு சொல்லிட வேண்டியதுதானே? பதினாறு வருஷத்துல என்கிட்ட ஒரு யோசனை கேட்டதில்ல. இந்த ஈஜிபுரா வீட்டுக்கே அட்வான்ஸ் குடுத்துட்டு வந்துதான் என்கிட்ட சொன்னீங்க.

— ரெண்டு பேர் கேட்டா நல்லதுதானே. கேளு, பிளேயர்ல பட்டனை அழுத்து. கறுப்பு ஒயரு, நூத்தி இருபது ரூபா. எப்படி இருக்கு?

— இருங்க. ம்... டமடமன்னு அடிக்குது. கல்யாண ஊர்வலம் மண்டைக்குள்ள போற மாதிரி. பாடறவன் எங்கியோ தெருக்கோடியில நிக்கறான்.

— பேஸ் ஜாஸ்தி, குரல் பின்னாடி. எழுதிக்கறேன். பல்லவி முடிஞ்சதும் ஒரு சலங்கை வரும். கேக்குதா?

— சலங்கையா? ஆங், இருக்கு. ஆனா சாக்குக்குள்ள போட்டுக் கட்டின மாதிரி.

— சரி, இது வேணாம். வெள்ளையை எடு.

— இதுல பாடறவன் பக்கத்துல வந்துட்டான். ஆனா பாவம், சளி புடிச்சிருக்கு. மூக்கால பாடறான்.

— ஒயரை லேசா ஆட்டிப் பாரு.

— அய்யே! புடவையில உரசினா காதுக்குள்ள சரக் சரக்குங்குது.

— பஸ்ல ஆகாது. ஹோசூர் ரோட்டுல மேம்பாலம் கட்டற இடத்துல வண்டி குதிச்சுக் குதிச்சுத்தான் போகும். அந்த நீலம்?

— நீலத்துல ஒரு பக்கம் மெதுவா பேசுது, ஒரு பக்கம் கத்துது. கழுத்தைச் சாய்ச்சுக்கிட்டுத்தான் கேக்கணும். ஏங்க, நான் சொல்றதெல்லாம் நெசமாவே எழுதறீங்களா?

— எழுதறேன். நீ நல்லா சொல்றே. நான் பேஸ், ட்ரெபிள்னு ரெண்டே வார்த்தையில முடிச்சிருப்பேன். கடைசி, சாம்பல் கலரு. இதுதான் விலை ஜாஸ்தி, முன்னூத்தி அம்பது.

— இருங்க... அம்மாடி. இதுல எல்லாரும் இருக்காங்கங்க. வயலின் இந்தப் பக்கம், தபலா அந்தப் பக்கம். சலங்கை ஒவ்வொரு மணியா உருளுது. பாடறவன் ஒவ்வொரு வரிக்கும் முன்னாடி மூச்சு இழுக்கறான், அதுகூடக் கேக்குது.

— மூச்சா?

— ஆமா. உங்களுக்குக் கேக்காதா?

— கேக்கும். கேட்டிருக்கேன், முன்னாடி.

— இந்தாங்க, நீங்களும் ஒரு தடவை போட்டுப் பாருங்க. எல்லாத்தையும் என் தலையிலயே கட்டினா எப்படி?

— குடு. ம்... ம். ஆமா, நல்லாதான் இருக்கு. பேஸ் அளவா இருக்கு. குரல் முன்னாடி நிக்குது.

— சலங்கை?

— தெளிவா கேக்குது.

— ஏங்க.

— ம்?

— பாட்டு ஓடலைங்க.

— என்ன?

— உங்க கையில குடுக்கறப்பவே நான் நிறுத்திட்டேன்.

— கை பட்டு நின்னுருக்கும். இப்பதான் நின்னுருக்கும்.

— இல்ல. நீங்க கண்ணை மூடி தலையாட்டினப்போ நான் இந்தப் பொட்டியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். ஓடவேயில்ல.

— விடு தமயந்தி. சாம்பல் கலருன்னே சொல்லிடறேன்.

— இருங்க. இப்போ நான் முந்தானையால வாயை மூடிக்கிட்டுப் பேசறேன். நாளைக்கு சாயங்காலம் வரும்போது தாரணிக்கு நோட்டு வாங்கிட்டு வாங்க. நான் என்ன சொன்னேன்?

— முந்தானையை எடு.

— என்ன சொன்னேன்?

— எடு தமயந்தி. எனக்குத் தெரியல. நீ ஏதோ பேசினேன்னு தெரியுது. என்னன்னு தெரியல.

— கடவுளே... எடுத்துட்டேன். பாருங்க, எடுத்துட்டேன். எப்போலேருந்து இப்படி?

— ரெண்டு வருஷம் ஆகப் போகுது. முதல்ல சலங்கை போச்சு. அப்புறம் குக்கர் விசில். அப்புறம் தாரணி பேசறது. எடது காது முழுசா போச்சு. வலதுல கொஞ்சம் மிச்சம். நரம்பு காஞ்சுக்கிட்டே வருதாம், அதுவும் போயிடும்னு டாக்டர் சொன்னார்.

— ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா? யார் கூட?

— ஆம்ப்ரோஸ் கூட்டிட்டுப் போனான். என்கூட டெஸ்டிங்ல இருக்கானே, நீலசந்திராக்காரன். அவனுக்கு மட்டும்தான் தெரியும். மோட்டார் ஓடும்போது மேல கையை வெப்பேன். அதிர்றதை வெச்சுப் பாதி தெரிஞ்சுடும். சந்தேகம்னா அவன் பக்கம் பார்ப்பேன், கண்ணைக் காட்டுவான்.

— ஆம்ப்ரோஸ்கிட்ட சொல்லியிருக்கீங்க. என்கிட்ட சொல்லல.

— கம்பெனிக்குத் தெரிஞ்சா அடுத்த நாளே கேட்டுக்கு வெளியதான். சத்தம் கேட்டு சொல்றதுதான் என் வேலையே. தாரணிக்கு இன்னும் எவ்ளோ படிப்பு இருக்கு. உன்கிட்ட சொன்னா நீ அழுவே. அப்புறம் அந்த பயம் உன் மொகத்துல தினம் தெரியும்.

— அப்போ தினமும் இதை மாட்டிக்கிட்டுப் போறது?

— மாட்டிக்கிட்டா யாரும் பேச மாட்டாங்க. பேசி, நான் பதில் சொல்லலைன்னாலும், பாட்டு கேக்கறான்னு விட்டுடுவாங்க. வெறுங்காதோட உக்காந்திருந்தா ஒரு வாரத்துல கண்டுபிடிச்சுடுவாங்க.

— பாட்டே போட மாட்டீங்களா?

— சில நாள் போடுவேன். பழைய பாட்டா, மனப்பாடமா இருக்கறதா. அடி விழறது லேசா தெரியும். அதைப் புடிச்சுக்கிட்டு மிச்சத்தை நானே நெனச்சுக்குவேன்.

— மாமா போன மறு வாரமே நீங்க புதுசா ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டு வேலைக்குப் போனீங்க. பழசை நான் சாக்கடையில வீசினேனே, அதுக்கு அப்புறமும். இந்த மனுஷனுக்கு நெஞ்சே இல்லைன்னு நெனச்சேன்.

— நெனச்சது தப்பில்ல. பாக்கறவங்களுக்கு அப்படித்தான் இருக்கும்.

— மூணு வருஷம்ங்க. ஒரு பக்கம் கை கால் விழுந்தவரு. தூக்கறது, தொடைக்கறது, சோறு ஊட்டறது எல்லாம் நான். அவர் கூப்பிட்டா ஓடறது நான். நீங்க முன் ரூம்ல காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பீங்க. அதனாலதான் அன்னிக்கு அவ்ளோ கோவம்.

— அதை இப்போ எதுக்குப் பேசணும்?

— பேசணும். பாத்ரூம்ல விழுந்தவரு உங்க பேரைத்தான் கூப்பிட்டுக்கிட்டிருந்தார். கோவிந்தா, கோவிந்தான்னு. கீழ் வீட்டு சந்திரம்மாவுக்குக் கேட்டிருக்கு. தாத்தா பூஜெ மாட்தா இதாரே, பூஜை பண்றார்னு நெனச்சுட்டேன்னு வந்து அழுதாங்க. பக்கத்து ரூம்ல இருந்த நீங்க எழுந்திருக்கல. பாட்டு கேட்டுக்கிட்டு பெத்தவரைச் சாக விட்டுட்டார்னு நான் எல்லார் எதிரிலயும் கத்தினேன். காரியத்து அன்னிக்கு உங்க சித்தப்பா காறித் துப்பினார். அப்பக்கூட நீங்க வாயைத் தொறக்கல.

— அன்னிக்கு என் காதுல ஒண்ணுமே இல்ல தமயந்தி.

— ஒண்ணுமே இல்லியா?

— பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தேன். நீ வந்து தோளைப் புடிச்சு உலுக்கினப்போதான் நிமிர்ந்தேன். உன் வாயைப் பார்த்தேன். அப்பான்னு மட்டும் புரிஞ்சுது. மேஜை மேல இயர்போன் கெடந்துச்சு. நீ அதைக் காட்டிக் கத்தினே. நான் ஆமான்னுட்டேன்.

— ஏங்க ஆமான்னீங்க?

— செவிடன்னு சொல்ல வாய் வரல. அப்புறம் எல்லாரும் அதையே சொன்னாங்க. சரி, அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டேன். அவரு கூப்பிட்டு நான் போகல. பாட்டு கேட்டா என்ன, காது கேக்கலைன்னா என்ன?

— ரெண்டும் ஒண்ணா? ரெண்டும் ஒண்ணாங்க? பதினோரு மாசமா நான் உங்களுக்குச் சோறு போடும்போதுகூட மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போட்டிருக்கேன்.

— நீ மொகத்தைத் திருப்பிக்கிட்டா நீ என்ன பேசறேன்னே எனக்குத் தெரியாது. திட்டினதுல பாதி எனக்கு வந்து சேரல. அதுவும் நல்லதுக்குத்தான்.

— சிரிக்காதீங்க. தயவுசெஞ்சு சிரிக்காதீங்க.

— ஒண்ணு மட்டும் மனசுல குடைஞ்சுக்கிட்டே இருக்கும். அப்பா எத்தனை தடவை கூப்பிட்டார்னு சந்திரம்மாவைக் கேக்கணும். படியில ரெண்டு மூணு தடவை எதிர்ல நின்னுட்டேன். கேக்க முடியல. மாடியில துணி காயப்போடப் போகாம நீ வீட்டுலயே இருந்திருந்தா ஓடிப் போயிருப்பே. அவரு பொழச்சிருப்பாரு. எனக்குக் காது போச்சுன்னு முன்னாடியே சொல்லியிருந்தா, என்னை நம்பி அவரை விட்டுட்டு நீ மாடிக்குப் போயிருக்கவும் மாட்டே. அதுதான் என் தப்பு. அதுக்கு நீ எவ்ளோ திட்டினாலும் தகும்.

— அப்படிச் சொல்லாதீங்க.

— என்ன? செவுத்தைப் பார்த்துப் பேசினா எனக்கு எப்படித் தெரியும்? இப்படித் திரும்பு. நீ எதுக்கு இப்போ இந்த அழுகை அழறே?

— சத்தமா சொன்னா கீழ சந்திரம்மாவுக்குக் கேட்டுடுங்க. மெதுவா சொன்னா உங்களுக்குக் கேக்காது.

— மெதுவாவே சொல்லு. நான் உன் வாயைப் பார்த்துக்கறேன்.

— மாடிக்குப் போனேன்னு நான் சொன்னது பொய்ங்க. சமையக்கட்டுலதான் இருந்தேன். மாமா கூப்பிட்டது அத்தனையும் எனக்குக் கேட்டுச்சு. ஒரு நாளாவது பெத்த புள்ளை எழுந்து போகட்டும்னு, கையில கரண்டியோட அப்படியே நின்னுக்கிட்டிருந்தேன்.