வியாழக்கிழமை மலைக்கு

றொனால்ட்: ...பஸ்ஸால இறங்கி அரை நாள் நடை, அத்தான். அவ்வளவுதான்.

வின்சன்: மீன் பிடிக்க அரை நாள் நடக்கோணுமோ? எனக்கு வளவுக்குப் பின்னால களப்புக் கிடக்கு.

றொனால்ட்: இது ட்ரவுட். குளிர்ந்த தண்ணியிலதான் நிக்கும். நுவரெலியாவுக்கு மேல, தேயிலை முடிஞ்சு காடு தொடங்கிற இடத்தில ரெண்டு குளம் இருக்காம். நோர்வேயில லீவெண்டால் நான் இதைத்தான் பிடிக்கிறனான்.

வின்சன்: இரை என்ன? இறாலோ?

றொனால்ட்: இரை இல்லை. இந்தா, இறகைத் தூண்டிலில சுத்திக் கட்டினது. தண்ணிக்கு மேல ஈ மாதிரி மிதக்கும். மீன் நம்பி வந்து கவ்வும்.

வின்சன்: ஏமாத்திறது.

றொனால்ட்: ஓம்... அப்பிடியும் சொல்லலாம்.

வின்சன்: பிடிச்ச பிறகு?

றொனால்ட்: சின்னனெண்டால் விட்டிடுவம்.

வின்சன்: விடியவிடியக் களப்புக்க நிண்டு, வலை நிறையப் பாசியை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறன். தோள் ரெண்டும் கழண்டுபோச்சு. நீ விடப்போற மீனுக்கு என்னை மலை ஏறச் சொல்லுறாய்.

புனிதமலர்: ஒருக்காப் போட்டு வாங்கோவன். என்னைக் கட்டின பிறகு இந்தக் கரையை விட்டு எங்க போனனீங்கள்? சண்டை முடிய அகதியாச் செட்டிகுளம் முகாமுக்குப் போனதைத் தவிர...

வின்சன்: உனக்கேன் இவ்வளவு அந்தரம்?

புனிதமலர்: எனக்கென்ன அந்தரம்? தம்பி ஆசையாக் கேக்கிறான்.

வின்சன்: அடுத்த கிழமை பாப்பம்.

றொனால்ட்: இல்லை... வியாழக்கிழமை வெளிக்கிடோணும் அத்தான். மீன் பிடிக்க அனுமதியும் அந்தத் திகதிக்குத்தான் எடுத்தனான்.

வின்சன்: அப்ப வெள்ளிக்கிழமை நாங்கள் குளத்தடியில.

றொனால்ட்: ஓம்.

வின்சன்: போனும் வேலை செய்யாது.

றொனால்ட்: செய்யாதுதான்...

வின்சன்: மகள் எங்க, பிறின்சி?

புனிதமலர்: சிநேகிதிப் பிள்ளையோட கிளிநொச்சிக்குப் போட்டாள். தைக்கக் குடுத்த சட்டை எடுக்க.

வின்சன்: முல்லைத்தீவில தையல்காரர் இல்லையோ?

புனிதமலர்: இஞ்சரப்பா, பொலிஸ்காரர் மாதிரிக் கேக்கிறியள்...

வின்சன்: சரி, விடு. தம்பி, குளிருக்கு என்ன செய்யிறது?

றொனால்ட்: உங்களுக்கும் ஜக்கெட் கொண்டந்தனான். கூடாரத்தை நான் தூக்குவன். நீங்கள் அரிசியும் கருவாடும் கொண்டந்தால் காணும்.

வின்சன்: அட்டை?

றொனால்ட்: காலில சவுக்காரம் பூசினால் ஏறாதாம்.

வின்சன்: முதல் இரவு எங்க படுக்கிறது?

றொனால்ட்: தோட்டத்தில ஒரு வீடு... தெரிஞ்ச ஆக்கள்.

வின்சன்: நோர்வேக்காரனுக்குத் தேயிலைத் தோட்டத்தில ஆரடா தெரிஞ்ச ஆக்கள்?

றொனால்ட்: ஒரு சிநேகிதன்ர சித்தப்பா. சுடலைமுத்து எண்டு பேர். குளத்துக்கு அவர்தான் வழி காட்டுவார்.

வின்சன்: ம்... ஜனார்த்தனன்ர சித்தப்பா.

றொனால்ட்: அத்தான், நான்...

வின்சன்: பயப்பிடாதை. கத்தமாட்டன். கத்த எனக்குச் சீவனில்லை.

புனிதமலர்: ஆர் சொன்னது? பிறின்சியோ?

வின்சன்: பொடியன் ஜனார்த்தனன்தான். முரசுமோட்டையில இருந்து மோட்டச்சைக்கிளில வந்து கரையில நிண்டவன். வெள்ளிக்கிழமை எங்கட கலியாண எழுத்து, உங்களுக்கு ஒளிச்சுச் செய்ய மனமில்லை, பிறின்சிக்கும் சொல்லாமல் வந்தனான் எண்டான்.

புனிதமலர்: மாதாவே... நீங்கள் என்ன சொன்னனீங்கள்?

வின்சன்: நான் வலை உதறிக்கொண்டு நிண்டனான். அவன் வந்து மற்றத் தலைப்பைப் பிடிச்சான். பிடிக்கட்டும் எண்டு விட்டிட்டன்.

புனிதமலர்: தோட்டத்து ஆக்கள், சைவக்காரர், என்ர உயிர் இருக்குமட்டும் இந்தக் கலியாணம் நடவாது எண்டு மாதா கோயில் வாசலில நிண்டு சொன்னது நீங்கள்தானே. அந்தப் பயத்திலதான் நாங்கள்...

வின்சன்: தெரியும்.

றொனால்ட்: அப்ப மலைக்கு வரமாட்டியள்.

வின்சன்: வருவன். இஞ்ச நிண்டால் நான் மறிக்கோணும். ஊருக்கு முன்னால விட்ட சொல்லு. மலையில நிண்டால் எனக்குத் தெரியாமல் நடந்தது எண்டு இருக்கலாம்.

புனிதமலர்: பிள்ளையிட்டச் சொல்லட்டே? ஒவ்வொரு நாளும் அழுறாளப்பா.

வின்சன்: வேண்டாம் மலர். அவள் வந்து எனக்கு முன்னால நிண்டு அழுதால்... நான் மலையை விட்டிட்டு எழுத்துக்கு வெளிக்கிட்டிடுவன்.